‘இருக்கு’ என்று சொன்னேன்

வலி வந்தபோது அபிஷேகப்பாக்கத்து விவசாயி ஒருவருக்கு, மழையில் சாய்ந்துபோன நெல்லுக்கு நிவாரணம் கேட்டு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தேன். முற்பகல் பதினொன்றரை மணி இருக்கும். பட்டா எண்ணை இரண்டு முறை தப்பாக அடித்துவிட்டு, மூன்றாவது முறை அடிக்கப் போனேன். அடிவயிற்றின் வலப்பக்கத்தில் ஏதோ அறுந்ததுபோல இருந்தது. மூச்சை உள்ளே இழுக்க முடிந்தது, வெளியே விட முடியவில்லை. விவசாயி கவனிக்காமல் தன் சர்வே எண்ணைத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே முன்னால் கவிழ்ந்தேன்.

கிருமாம்பாக்கத்தில், கடலூர் சாலையை ஒட்டி இருக்கும் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஆறு வருஷமாக எனக்கு வேலை. விண்ணப்பம் நிரப்புவது, மனு தட்டச்சு செய்வது, ஆன்லைனில் ஏற்றுவது எல்லாம் என் பொறுப்பு. கடைக்குச் சொந்தக்காரி என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. கணவர் இதே சாலையில் லாரி மோதி இறந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. பதினொன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு மகள் இருந்தாள். இன்னொன்றும் இருந்தது, அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

“இன்னாடி ஆச்சு? மூஞ்சி ஏன் இப்பிடி வெளுத்துப்போச்சு?” என்று அக்கா ஓடி வந்தார்.

“வயிறு வலிக்குதுக்கா.”

“காலையில இன்னா துன்ன?”

“இட்லிதான்.”

“அப்ப கேஸு. இரு, சோடா வாங்கியாறேன்.”

சோடா குடித்தேன். குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தது. அக்கா என் கையைப் பிடித்து, நான்கு கடை தள்ளியிருந்த கிளினிக்குக் கூட்டிப்போனார். அந்த டாக்டருக்கு என் குடும்பத்தில் எல்லோரையும் தெரியும். மருந்து எடுத்துக்கொடுக்கும் கம்பவுண்டர் எங்கள் தெருக்காரர். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு கேட்டார்.

“பீரியட்ஸ் ஒழுங்கா வருதாம்மா?”

“வருது சார்.”

“கடைசியா எப்போ?”

“போன வாரம்.”

பொய். ஏழு வாரமாக வரவில்லை. முந்தின இரண்டு நாளாகக் காபித்தூள் நிறத்தில் லேசாகக் கறை மட்டும் பட்டுக்கொண்டிருந்தது. வயதாகிறது, நாள் தள்ளிப்போகிறது என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். கம்பவுண்டர் மூன்றடி தூரத்தில் ஊசிமருந்தை உறிஞ்சிக்கொண்டு நின்றார். அவர் காதில் விழும்படி நான் வேறு எதையும் சொல்லியிருக்க முடியாது என்றுதான் அப்போது நம்பினேன்.

டாக்டர் வாயு என்று ஊசி போட்டார், குறையாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கேட்க வேண்டியதை அவர் கேட்டார். பொய் சொன்னது நான்.

கடைக்குத் திரும்பி வந்து பெஞ்சில் படுத்தேன். படுத்ததும் வலது தோளில் ஒரு புது வலி. வயிற்றுக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம் என்று புரியவில்லை. சுளுக்கு என்று நினைத்து அக்கா தைலம் தேய்த்தார். எழுந்து உட்கார்ந்தால் தோள்வலி கொஞ்சம் குறைந்தது, ஆனால் தலை சுற்றியது. பாத்ரூம் போகலாம் என்று எழுந்தேன். ஜெராக்ஸ் மெஷினின் பச்சை விளக்கு பெரிதாகிக்கொண்டே வந்தது தெரிந்தது. அடுத்து கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். அக்கா என் கன்னத்தில் தட்டிக்கொண்டே போனில் என் அண்ணனிடம் கத்திக்கொண்டிருந்தார்.

அண்ணனுக்கு சென்ட்ரிங் வேலை. அன்று பக்கத்திலேயே ஒரு கட்டடத்தில் பலகை அடித்துக்கொண்டிருந்ததால் பத்து நிமிஷத்தில் ஆட்டோவோடு வந்துவிட்டார். சட்டையெல்லாம் சிமெண்ட். என்னைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி ஆட்டோவில் கிடத்தி, தலையை மடியில் வைத்துக்கொண்டார். அக்கா முன்சீட்டில் ஒண்டிக்கொண்டார்.

“கண்ண மூடாத. எங்கிட்ட பேசு. இன்னா பேசறியோ பேசு” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார் அண்ணன். ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டி ஏறி இறங்கும்போது வயிற்றுக்குள்ளே யாரோ கொதிக்கும் தண்ணீரை அலம்பியதுபோல இருந்தது. “ஏம்பா, மெதுவா ஏத்துப்பா” என்று டிரைவரை அதட்டியபடி, தன் சிமெண்ட் கையால் என் நெற்றி வியர்வையைத் துடைத்தார். கை சொரசொரவென்று இருந்தது. நான் அவருக்குத் தெரியாமல் வாழ்ந்த ஒன்றரை வருஷத்தை அந்தக் கை தொட்டுப் பார்த்துவிடுமோ என்று எனக்கு பயமாக இருந்தது. உயிர் போகிற நேரத்தில் வந்த பயம் அது. இப்போது நினைத்தால் ஆத்திரம்தான் வருகிறது.

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஓர் இளம் பெண் டாக்டர் வந்தார். என் மகளைவிட ஏழெட்டு வயது கூடுதலாக இருக்கலாம். வந்ததும் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நாடி பிடித்தார், நர்ஸிடம் பிரஷர் எவ்வளவு என்று கேட்டார். நர்ஸ் சொன்ன எண்ணைக் கேட்டதும் அவர் நடையில் வேகம் கூடியது. இரண்டு கையிலும் ஊசி குத்தி சலைன் ஏற்றச் சொன்னார். ரத்தம் எடுத்து உடனே ரத்த வங்கிக்கு அனுப்பச் சொன்னார். பிறகு தன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு என் பக்கத்தில் குனிந்தார்.

“வலிக்கிற இடத்தைக் கடைசியாத்தான் தொடுவேன். பயப்படாதீங்க. எங்க ஆரம்பிச்சுது?”

“காலையில இட்லி துன்னுச்சு டாக்டர், அதுலேருந்து...” என்று அண்ணன் தொடங்கினார்.

“அவங்க பேசட்டும்” என்றார் டாக்டர்.

கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. திடீரென்று வந்ததா, கொஞ்சம் கொஞ்சமாக வந்ததா? ஒரே இடத்தில் இருக்கிறதா, நகர்கிறதா? வயிற்றுப்போக்கு உண்டா? சிறுநீர் போகும்போது எரிச்சல்? வயிற்றில் முன்பு ஆபரேஷன்? வரும் வழியில் மேடுபள்ளத்தில் வலி கூடியதா? கூடியது என்றேன். தோள் வலிக்கிறதா என்று கேட்டார். ஆச்சரியமாக இருந்தது, நான் இன்னும் தோளைப் பற்றிச் சொல்லவே இல்லை. “வலிக்குது, படுத்தா அதிகம்” என்றேன். அவர் இடப்பக்கத்திலிருந்து மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தார். வலப்பக்கம் அழுத்தியபோது வலித்தது. கையை எடுத்தபோது அதைவிட வலித்தது. அலறிவிட்டேன்.

“கடைசியா தலைக்குக் குளிச்சது எப்போ?”

நான் அண்ணனைப் பார்த்தேன்.

“கர்ப்பமா இருக்க வாய்ப்பு இருக்கா?”

என் தலைக்குக் கீழே இருந்த அண்ணனின் கை விறைத்தது.

“இன்னா டாக்டர் கேக்கறீங்க? அதோட புருஷன் செத்து ஏழு வருஷம் ஆவுது. ஆளு யாரு, எவருன்னு தெரிஞ்சி கேளுங்க.”

“வயிறு வலின்னு வர்ற எல்லாப் பெண்கள்கிட்டயும் இதைக் கேப்போம். நான் அவங்களைத்தான் கேட்டேன். நீங்க கொஞ்சம் வெளிய இருங்க.”

“நான் ஏன் வெளிய போவணும்? எந்தங்கச்சி.”

அண்ணன் நகரவில்லை. சண்டை போட டாக்டருக்கு நேரமில்லை. பாதி இழுத்திருந்த திரைக்கு அந்தப் பக்கம் அக்கா நின்றார், வார்டு பாய் நின்றார், காலில் கட்டுப் போட்ட ஒரு பெரியவரும் அவரைக் கூட்டிவந்த நாலு பேரும் இருந்தார்கள். எல்லோரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

செத்தாலும் பரவாயில்லை, பேர் கெடக்கூடாது என்று என்னிடம் யாரும் ஒருமுறைகூட நேராகச் சொன்னதில்லை. ஆனால் அந்தக் கட்டிலில் கிடந்தபோது, அதை நான் எவ்வளவு நன்றாக மனப்பாடம் செய்திருக்கிறேன் என்று தெரிந்தது. காலையில் கிளினிக்கில் அதைத்தான் ஒப்பித்துவிட்டு வந்திருந்தேன். எனக்குக் கோபம் வந்தது. அண்ணன்மேல் இல்லை, திரைக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள்மேலும் இல்லை. ஒரு சொல்லைக் காப்பாற்ற என் மகளைத் தாயில்லாமல் விட்டுவிட்டுப் போகத் தயாராக இருந்தேனே, அந்த என்மேல் வந்தது.

“இருக்கு” என்றேன்.

“இன்னா?” என்றார் அண்ணன்.

“இருக்குண்ணா.” பிறகு டாக்டரைப் பார்த்து, எனக்கிருந்த மூச்சையெல்லாம் சேர்த்துச் சொன்னேன்: “இருக்கு டாக்டர். ஏழு வாரமா வரல. ரெண்டு நாளா கறை படுது. காலையில கிளினிக்ல பொய் சொல்லிட்டேன்.”

அண்ணன் என் தலையை மெதுவாகத் தலையணையில் இறக்கி வைத்தார். தூக்கிப் போடவில்லை, இறக்கித்தான் வைத்தார். அதை நான் மறக்கவில்லை. பிறகு திரையை விலக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

டாக்டர் என் முகத்தைப் பார்த்து வேறெதுவும் கேட்கவில்லை. யார் என்று கேட்கவில்லை, எப்படி என்று கேட்கவில்லை. நர்ஸிடம், ஆபரேஷன் தியேட்டருக்கும் சீனியர் டாக்டருக்கும் உடனே தகவல் சொல்லச் சொன்னார். என்னால் எழுந்திருக்க முடியாததால் குழாய் வைத்துச் சிறுநீர் எடுத்தார்கள். சோதனை அட்டையில் இரண்டு கோடு வந்தது. ஸ்கேன் மெஷினைக் கட்டிலுக்கே தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதன் திரையை என் பக்கம் லேசாகத் திருப்பி டாக்டர் விரலால் காட்டினார்.

“கர்ப்பப்பை இதுதான். உள்ள ஒண்ணும் இல்ல. கரு அதுக்குள்ள வந்து சேராம, வர்ற வழியில குழாய்லயே தங்கிடுச்சு. அது வளர்றதுக்கு அங்க இடம் இல்ல. குழாய் வெடிச்சிருக்கு. சுத்தி கருப்பா தெரியுதே, அவ்வளவும் ரத்தம். அது மேல ஏறி நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற தசையை உறுத்துது. அதனாலதான் தோள் வலிக்குது. உடனே ஆபரேஷன் பண்ணணும்.”

“சாவனா?”

“சாவறதுக்கா உண்மையைச் சொன்னீங்க?” என்றார்.

ஒரு நர்ஸ் சம்மதப் படிவத்தோடு வந்து, வீட்டுக்காரர் இல்லையென்றால் அண்ணனைக் கூப்பிடுங்கள் என்றார். அண்ணனைக் காணோம் என்று அக்கா கையைப் பிசைந்தார். ஆறு வருஷமாக மற்றவர்களின் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பென்சிலால் குறித்துக் கொடுத்தவள் நான். “குடுங்க, நான் போடறேன்” என்றேன். நர்ஸ் டாக்டரைப் பார்த்தார். “நினைவோடதானே இருக்காங்க, அவங்களே போடட்டும்” என்றார் டாக்டர். படுத்தபடியே போட்டேன். கையெழுத்து கோட்டை விட்டு இறங்கி அடுத்த பத்திக்குள் போய்விட்டது.

கண் விழித்தபோது தொண்டை காய்ந்திருந்தது. வலது கருக்குழாயை எடுத்துவிட்டார்கள். வயிற்றுக்குள்ளிருந்து ஒரு பெரிய செம்பு நிறைய ரத்தத்தை உறிஞ்சி எடுத்ததாகப் பிறகு சொன்னார்கள். மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றியிருந்தார்கள்.

“ஒங்கண்ணன் ரத்தம் குடுத்தான்டி” என்றார் அக்கா. “குடுத்துட்டு, குடுத்த ஜூஸக்கூட வாங்கிக் குடிக்காம போய்ட்டான்.”

அவர் கொடுத்த ரத்தம் எனக்கே வந்ததா, ரத்த வங்கியில் அதற்கு ஈடாக வேறு பாட்டில் கொடுத்தார்களா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. கொடுத்தார், அது போதும்.

மறுநாள் வார்டைச் சுற்றி வந்தபோது அந்த இளம் டாக்டர் என் கட்டிலருகே நின்றார். “நீங்க சொல்லலன்னாலும் டெஸ்ட் பண்ணியிருப்போம். ஆனா நீங்க சொன்னதால டெஸ்ட்டுக்குக் காத்திருக்காம தியேட்டரைத் தயார் பண்ணிட்டோம். அந்த நேரம் உங்களுக்குத் தேவைப்பட்டுது” என்றார். அவரிடம் கும்பிட்டு ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அன்று மதியம் அண்ணி கஞ்சியோடு வந்தார். கட்டில் ஓரம் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

“ஊர்ல எல்லார்கிட்டயும் குடல்வால் ஆபரேஷன்னு சொல்லிட்டேன். நீயும் அதையே சொல்லு. அதுவும் வலது பக்கந்தான், யாருக்கும் தெரியாது.”

அண்ணி கெட்டவர் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். நான் தலையாட்டியிருக்கலாம். ஆனால் அந்தப் பொய்யின் வாடை எனக்குத் தெரிந்திருந்தது. முந்தின நாள் காலையில் சொன்ன பொய்யின் தங்கச்சி அது.

“சொல்ல மாட்டேன் அண்ணி.”

“அப்ப இன்னான்னுதான் சொல்லுவ?”

“வந்தத வந்தமாதிரி சொல்லுவேன்.”

சாயங்காலமே சோதனை வந்துவிட்டது. எங்கள் தெருவிலிருந்து ஒரு அம்மா சாத்துக்குடிப் பையோடு பார்க்க வந்தார். “குடல்வாலாமே? எம்மருமவளுக்குக்கூட போன வருஷம் எடுத்தாங்க” என்றார்.

“இல்லம்மா. கரு குழாய்ல தங்கி வெடிச்சிடுச்சு.”

சாத்துக்குடியை எடுத்துவைத்துக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது. நான் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கீழே பார்க்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். தையல் போட்ட வயிறு இழுத்தது. அவர்தான் முதலில் கண்ணைத் தாழ்த்தினார். மீதிப் பழங்களையும் மேசையில் வைத்துவிட்டு, “ஒடம்பப் பாத்துக்க” என்று கிளம்பினார். இரவுக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். தெரியட்டும் என்று சாத்துக்குடியை உரித்துத் தின்றேன்.

கஷ்டமாக இருந்தது மகளிடம் சொல்வதுதான். மூன்றாம் நாள் பள்ளிச் சீருடையோடே வந்தாள். அவளிடமும் குடல்வால் என்றுதான் சொல்லியிருந்தார்கள். நான் ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவள் உயிரியல் படிப்பவள். குழாய், வெடிப்பு, ரத்தக்கசிவு எல்லாம் நான் சொல்வதற்கு முன்னாலேயே அவளுக்குப் புரிந்தது. நீண்ட நேரம் சலைன் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த பனித்திட்டு மாமாவா?”

“ஒனக்கு எப்பிடித் தெரியும்?”

“நீ போன்ல பேசும்போது சிரிப்பியே. வேற யார்கிட்ட பேசும்போதும் அப்பிடி சிரிக்க மாட்ட.”

அவளே தொடர்ந்தாள். குரல் உடைந்திருந்தது.

“எனக்கு அதுல கோவம் இல்ல. மொதல்ல போன கிளினிக்ல பொய் சொன்னேன்னு சொன்னியே, அதாம்மா. நீ செத்துப்போயிருந்தா எனக்கு வாயுன்னு சொல்லியிருப்பாங்க. நான் வாயுன்னே நம்பிட்டு இருந்திருப்பேன்.”

அழுதாள். நானும் அழுதேன். இந்தக் கதையில் நான் மன்னிப்புக் கேட்டது அவள் ஒருத்தியிடம்தான்.

பனித்திட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்துக் கடலோர ஊரான பனித்திட்டில் படகு இன்ஜின் பழுது பார்ப்பவர். மனைவி விட்டுப் பிரிந்து, கோர்ட்டில் விவாகரத்து ஆனவர். அதற்கான காகிதங்களை ஜெராக்ஸ் எடுக்க எங்கள் கடைக்கு வந்தபோதுதான் பழக்கம். நான் நம்பர் கொடுத்து அக்கா போனில் சொல்லி, நான்காம் நாள் மாலை பார்வையாளர் நேரத்தில் வந்தார். வார்டில் இருந்த பதினைந்து பெண்களும் அவரைத்தான் பார்த்தார்கள். கிரீஸ் போகாத நகங்களோடு இரண்டு இளநீரைப் பிடித்துக்கொண்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார்.

“ஒக்காருங்க” என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

உட்கார்ந்தார். “எங்கிட்ட ஏன் சொல்லல?” என்று கேட்டார்.

“எனக்கே சொல்லிக்கல” என்றேன். அது உண்மை.

தையல் பிரித்து வீட்டுக்கு வந்த பிறகு சில நாள் தெருவில் நான் நடந்தால் பேச்சு நின்றது. தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி, “சிலருக்கு வயித்து வலி எதுனால வருதுன்னு ஊருக்கே தெரியும்” என்றாள், என்னைப் பார்க்காமல். நான் குடத்தை வைத்துவிட்டு அவளிடம் போனேன். “தெரிஞ்சா நல்லதுதான். நாள் தள்ளி, ஒரு பக்கமா வலிச்சு, தோளும் வலிச்சா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு. கேஸுன்னு சோடா குடிச்சிட்டு ஒக்காந்துராத” என்றேன். அவள் முகம் சிவந்தது. ஆனால் ஒரு வாரம் கழித்துக் கடைக்கு வந்து, ஆதார் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, போக மனமில்லாமல் நின்று, தன் அக்கா மகளுக்கு நாள் தள்ளி வலி வருவதாக மெதுவாகச் சொன்னாள். இன்றைக்கே கூட்டிப்போ என்றேன். கூட்டிப்போனாள். அந்தப் பெண்ணுக்குக் கரு சரியான இடத்தில்தான் இருந்தது. அதை வந்து சொல்லிவிட்டும் போனாள்.

அண்ணன் நாலு மாதம் என்னோடு பேசவில்லை. நானும் போய் நிற்கவில்லை. ரத்தம் கொடுத்ததற்கு நன்றி சொல்ல ஆசை இருந்தது. ஆனால் நன்றி சொல்லப் போனால் மன்னிப்பையும் சேர்த்துக் கேட்கச் சொல்வார்கள். அதற்கு நான் தயாராக இல்லை. அந்த மனிதரையே சீக்கிரம் கட்டிக்கொண்டால் பேச்சு அடங்கும் என்று அண்ணி இரண்டு முறை தூது வந்தார். பேச்சை அடக்க நான் தாலி கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். பனித்திட்டுக்காரரிடமும் அதையே சொன்னேன். “அவசரம் இல்ல” என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் வாங்கிக்கொண்டு பகலிலேயே வீட்டுக்கு வந்தார். வண்டியை வாசலுக்கு நேராக நிறுத்தினார். நாங்கள் மூவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

ஒரு நாள் மதியம் அண்ணன் கடை வாசலில் நின்றார். தன் மகனுக்கு சாதிச் சான்றிதழ் விண்ணப்பிக்க வேண்டும், சாலையில் இருக்கும் இன்னொரு கடை பூட்டியிருக்கிறது என்று அக்காவிடம் சொன்னார். அது பூட்டியிருக்கவில்லை, வழியில் பார்த்துக்கொண்டுதான் வந்திருப்பார். அக்கா உடனே தனக்கு உள்ளே வேலை இருப்பதாகப் போய்விட்டார். அண்ணன் என் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் பெயர், முகவரி எல்லாம் கேட்காமலேயே அடித்தேன்.

“ஒடம்பு எப்பிடி இருக்குது?” என்றார், கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடி.

“நல்லாருக்குண்ணா. கனமா தூக்கினா மட்டும் இழுக்குது.”

“தூக்காத.”

பிறகு, “அந்தாளு இன்ஜின் வேலையா பாக்கறான்?” என்றார்.

“ஆமா.”

“கட்டிக்கப் போறீங்களா?”

“தெரியலண்ணா. கட்டிக்கிட்டா மொதப் பத்திரிகை ஒனக்குத்தான். கட்டிக்கலன்னா பத்திரிகை கெடையாது.”

அவர் வாயோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பா, இருமலா என்று தெரியவில்லை. விண்ணப்பத்தை அச்செடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன். போட்டார்.

“ரெண்டு காப்பி எடு” என்றார். எடுத்துக் கொடுத்தேன்.